அடிமைகள் கேட்டார்கள், ஆயர்கள் மறுத்தார்கள்

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த கேங்கரா என்ற ஊரில் ஆயர்கள் சிலர் கூடினார்கள். சுற்றுவட்டாரத்தில் வேகமாகப் பரவிய ஒரு துறவு இயக்கத்தைக் கண்டிப்பதே நோக்கம். அந்த இயக்கத்தார் யூஸ்தாத்தியு என்பவரைப் பின்பற்றியவர்கள். திருமணமான குருக்கள் நடத்தும் வழிபாட்டுக்கு வர மறுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமையிலும் நோன்பிருந்தார்கள், அவர்களில் பெண்கள் கூந்தலைக் களைந்து ஆண்களின் உடையை உடுத்தினார்கள். ஆயர்கள் இயற்றிய 20 விதிகளில் மூன்றாவது அடிமைகளைப் பற்றியது. பக்தியைச் சாக்காகக் காட்டி, எசமானரை மதிக்க வேண்டாம், அவருடைய வேலையை விட்டுப் போகலாம் என்று ஓர் அடிமைக்குக் கற்பிப்பவர் எவரும் சபிக்கப்பட்டவர் என்றது அது. ஆயர்கள் அனுப்பிய சுற்றுமடலில் இன்னொரு குற்றச்சாட்டும் இருக்கிறது: அடிமைகள் துறவிகளின் விநோத உடையை அணிந்துகொண்டு, அது தந்த துணிச்சலில் எசமானர்களை அலட்சியம் செய்தார்களாம்.

யாருமே செய்யாத ஒன்றைத் தடுக்க ஆயர்கள் ஊர்விட்டு ஊர் வந்து கூடியிருக்க மாட்டார்கள். கிறிஸ்துவின் பெயரால் அடிமைத்தளையை உதறலாம் என்று அந்தக் காலத்திலேயே சிலர் நம்பியிருக்கிறார்கள், சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதைக் கேட்ட அடிமைகள் எழுந்து நடந்திருக்கிறார்கள். ஆதிக் கிறிஸ்தவம் அடிமை முறையை எப்படி நடத்தியது என்ற பழைய வழக்கில் இறையியலாளர்கள் எழுதிவைத்ததை மட்டும் புரட்டினால் போதாது என்று நான் கருதுவது இதனால்தான். அவர்கள் எவற்றைத் தடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அடிமைகள் தாமே எழுதியதாக நமக்கு வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். அவர்கள் என்ன எண்ணினார்கள் என்பது தெரிவது பெரும்பாலும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளில்தான்.

இந்த வழக்கில் நெடுங்காலமாக இரண்டு தீர்ப்புகள் புழங்குகின்றன. 1847இல் பிரெஞ்சு வரலாற்றாளர் ஆன்றி வலோன், பண்டைய உலகின் அடிமை முறையைக் கரைத்தது கிறிஸ்தவமே என்று மூன்று தொகுதிகளில் வாதாடினார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர் அவர். வரலாற்றையும் அந்தப் போராட்டத்தில் ஓர் ஆயுதமாக்கினார். 1981இல் மார்க்சிய வரலாற்றாளர் ஜி.இ.எம். டி செயின்ட் க்ராய் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: கிறிஸ்தவம் அடிமை முறையைத் தளர்த்தவில்லை; கீழ்ப்படிதலுக்குத் தெய்வீக முத்திரை குத்தி அதை இறுக்கியது. ஒருவருக்கு விடுதலை செய்த ஆயர்கள் கண்ணில் பட்டார்கள், மற்றவருக்கு உபதேசம் செய்த ஆயர்கள். இருவருமே ஒரே ஆட்கள் என்பதுதான் சிக்கல்.

இன்றைய மனித உரிமைப் பிரகடனத்தைக் கொண்டுபோய் நான்காம் நூற்றாண்டு மனிதரை அளப்பது நியாயமில்லை. அவர்கள் காலத்தில் எதை எண்ண முடிந்தது, எது அவர்கள் கைக்கு எட்டியது என்ற இரண்டும் போதும்.

ரோமானியச் சட்டத்தில் அடிமை என்பவர் ஓர் உடைமை. அவருடைய திருமணம் திருமணமல்ல, பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள் அல்லர். நீதிமன்றத்தில் அவர் சொல் செல்லுபடியாக வேண்டுமானால் சித்திரவதை செய்துதான் பெற வேண்டும். கி.பி. 61இல் ரோம் நகரின் ஆளுநர் பெதானியு செக்குந்துவை அவருடைய அடிமை ஒருவர் கொன்றார். அந்த வீட்டுக் கூரையின் கீழ் இருந்த அத்தனை அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். நகர மக்களே எதிர்த்துக் கலகம் செய்தும், செனட் விட்டுக்கொடுக்கவில்லை; நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தி 400 பேரைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். பவுல் வாழ்ந்த காலம் அது. நான்காம் நூற்றாண்டுப் பேரரசில் அடிமைகள் ஏறக்குறைய 50 லட்சம், அதாவது பத்தில் ஒருவர், என்பது வரலாற்றாளர் கைல் ஹார்ப்பரின் மதிப்பீடு. கிறிஸ்தவம் வந்த பிறகு அந்த முறை தானாகத் தேய்ந்துபோனது என்ற பழைய எண்ணத்தை அவருடைய ஆய்வு பெரிதும் உடைத்துவிட்டது.

அடிமையும் மனிதன்தான் என்று சொல்லக் கிறிஸ்தவம் வர வேண்டியிருக்கவில்லை. ரோமானியத் தத்துவஞானி செனக்கா தம் 47ஆம் கடிதத்தில் அதைத்தான் சொன்னார். ரோமானியச் சட்ட அறிஞர் புளோரந்தினு, அடிமை முறை இயற்கைக்கு மாறானது, நாடுகளின் வழக்கத்தால் வந்தது என்று சட்டநூலிலேயே எழுதிவைத்தார். சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் நிறுவ முயன்றதற்குக் காரணமே, அப்படி இல்லை என்று அவர் காலத்திலேயே சிலர் வாதிட்டதுதான். அவர்கள் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் செனக்கா தம் அடிமைகளை விடவில்லை, புளோரந்தினுவின் வரிக்குப் பிறகும் சட்டம் மாறவில்லை. இயற்கைக்கு மாறானது என்று ஒப்புக்கொண்டே ஒன்றை நடத்திக்கொண்டிருப்பது ரோமுக்குக் கைவந்த கலை.

சொல்லோடு நில்லாமல் அடிமை வைப்பதையே மறுத்தவர்களும் பேசப்பட்டார்கள். யூத சமயத்தின் எசேனர் அடிமைகளை வைத்துக்கொள்வதில்லை என்று யூத எழுத்தாளர்களான பிலோவும் யோசேபும் எழுதுகிறார்கள். அலெக்சாந்திரியா அருகே வாழ்ந்த தெரப்யூத்தர் என்ற துறவுக் குழுவினரைப் பற்றியும் பிலோ அப்படியே சொல்கிறார். இந்தச் சித்திரத்தில் புகழ்ச்சி கலந்திருக்கலாம். எசேனரோடு தொடர்புபடுத்தப்படும் தமஸ்கு ஆவணத்தில் அடிமைகளை நடத்தும் முறைக்கு விதி இருக்கிறது. அதனால் என்ன? அடிமை வைத்திருப்பது சமத்துவத்தை மீறும் பாவம் என்ற கருத்து, பவுலின் மடல்கள் எழுதப்பட்ட அதே நூற்றாண்டில், அதே கிரேக்க மொழியில் எழுத்தில் இருந்தது. யாருக்கும் தோன்றவே இல்லை என்ற சமாதானம் இந்த இடத்திலேயே பாதி பலமிழக்கிறது.

பவுலுக்கு வருவோம். கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் தன்னுரிமையாளர் என்றும் இல்லை என்ற கலாத்தியர் மடலின் வாக்கியம் அன்றைய உலகில் பெரிய பேச்சு. ஆனால் பவுல் அதைச் சொன்னது திருமுழுக்கைப் பற்றி; சந்தையைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ அல்ல. கொரிந்தியருக்கு எழுதும்போது, விடுதலை பெற வாய்ப்பு வந்தால் அதைப் பயன்படுத்திக்கொள் என்கிறாரா, அடிமையாகவே இருந்து அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள் என்கிறாரா என்பது பண்டைய உரையாசிரியர்களுக்கே புரியவில்லை. உலக முடிவு நெருங்கிவிட்டது என்று நம்பிய ஒருவர் சமூக ஏற்பாடுகளைத் திருத்தக் கிளம்ப மாட்டார் என்பது நியாயமான வாதம். அதைப் பவுலுக்கு முழுதாகவே கொடுத்துவிடலாம். பவுலுக்குப் பிறகு வந்து, உலகம் முடியாததைக் கண்டு, நிலம் வாங்கி ஆலயம் கட்டியவர்களுக்கு அதைக் கொடுக்க முடியாது.

பிலேமோனுக்கு எழுதிய மடலில்தான் பவுல் ஓர் அடிமையின் கதையில் நேரடியாகத் தலையிடுகிறார். சிறையில் இருக்கும் பவுலிடம் ஒநேசிமு என்ற அடிமை வந்து சேர்கிறார். அவர் ஓடிவந்தாரா, எசமானரோடு பிணக்கு வந்து பவுலைத் தூது பிடிக்க வந்தாரா என்பது மடலில் தெளிவாக இல்லை. பவுல் அவரைத் திருப்பி அனுப்புகிறார், ஆனால் வெறும் கையோடு அல்ல. அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். என்னை வரவேற்பதுபோல் அவனை வரவேற்றுக்கொள் என்கிறார். அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுது என்று தம் கையாலேயே எழுதித் தருகிறார். நான் கேட்பதற்கும் மேலாகவே செய்வாய் என்று ஒரு குறிப்பும் போடுகிறார். எசமானரைச் சபை முழுவதன் முன்னால் இக்கட்டில் நிறுத்தும் சாமர்த்தியம் இதில் இருக்கிறது. அவனை விடுதலை செய் என்ற சொல் மட்டும் இல்லை.

அந்தச் சொல் ஏன் இல்லை என்று நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். நாசூக்கு என்பார் சிலர், கோழைத்தனம் என்பார் சிலர். எனக்கு முக்கியமாகப் படுவது, மூன்று நூற்றாண்டு கழித்து யோவான் கிறிசோஸ்தோம் இந்த மடலிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். எசமானர்களிடமிருந்து அடிமைகளைப் பிரித்துவிடக் கூடாது என்பது அவர் கண்ட பயன்களில் ஒன்று. பிரித்தால், கிறிஸ்தவம் எல்லாவற்றையும் கவிழ்க்கத்தான் வந்திருக்கிறது என்று வெளியார் பழிப்பார்களாம். ஒநேசிமுவைச் சகோதரனாக்கிய மடல், ஒநேசிமுக்களைத் திருப்பி அனுப்பும் முன்மாதிரியாகிவிட்டது. பவுல் விட்ட இடைவெளியை எந்தப் பக்கமும் நிரப்பியிருக்கலாம். சபை ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது.

பவுலின் பெயரிலும் பேதுருவின் பெயரிலும் உள்ள மற்ற மடல்களில் வரும் இல்லற ஒழுங்கு விதிகள் வேறு வகை. கொலோசெயர், எபேசியர், தீத்து, 1 திமொத்தேயு, 1 பேதுரு ஆகியவை அடிமைகளைப் பார்த்து எசமானர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கின்றன. இவற்றில் சில பவுல் எழுதியவை அல்ல என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனால் திருநூலில் இடம்பெற்றுவிட்ட பிறகு அந்த வேறுபாடு அடிமைகளுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. இந்த மடல்களுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு. கிரேக்கரின் இல்லற நூல்கள் எசமானரிடம்தான் பேசும். அடிமை அங்கே பேசப்படும் பொருள் மட்டுமே. இங்கோ அடிமைகளை முன்னிலையில் அழைத்து, பொறுப்புள்ள மனிதர்களாகப் பேசுகிறார்கள். எசமானருக்கும் பரத்தில் ஓர் எசமானர் உண்டு என்று எச்சரிக்கிறார்கள். இது உண்மையான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. கிறிஸ்துவுக்குச் செய்வதுபோல் எசமானருக்குச் செய் என்றது எபேசியர் மடல். முதலாம் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த திதாக்கே என்ற சபை ஒழுங்கு நூல் இன்னும் ஒரு படி மேலே போய், எசமானரைக் கடவுளின் சாயலாகவே கருதச் சொன்னது. ரோமானியச் சட்டம் அடிமையின் உடலைக் கேட்டது. அது இயற்கைக்கு மாறானது என்றும் ஒப்புக்கொண்டது. இந்த உபதேசம் மனத்தையும் கேட்டது. செனக்காவோ புளோரந்தினுவோ எந்த அடிமையிடமும் உன் எசமானரில் கடவுளைப் பார் என்று சொன்னதில்லை. 1 பேதுரு, கொடிய எசமானரிடம் அநியாயமாக அடிவாங்குவதைக் கிறிஸ்துவின் பாடுகளோடு ஒப்பிடுகிறது. பண்டைய இலக்கியத்தில் ஓர் அடிமைக்குக் கிடைத்த மிக உயர்ந்த மரியாதை அது. அடிக்கிறவருக்குக் கிடைத்த மிக வசதியான உரையும் அதுதான். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் போதகர் ஹாவர்ட் தர்மன், அடிமையாகப் பிறந்த தம் பாட்டி, பவுலின் மடல்களை, ஓர் அதிகாரம் நீங்கலாக, தமக்கு வாசித்துக்காட்ட விடவே இல்லை என்று எழுதியிருக்கிறார். பண்ணையில் வெள்ளைப் போதகர் திரும்பத் திரும்ப அந்தப் பகுதிகளைத்தான் பிரசங்கித்தாராம். உரை பிற்காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு எழுதியவர் பொறுப்பாக மாட்டார் என்பார்கள். எழுதப்பட்ட காலத்திலேயே அது வேறு எதற்குப் பயன்பட்டது என்று பார்க்கலாமே.

1 திமொத்தேயு, கிறிஸ்தவ எசமானர்களை உடைய அடிமைகள், அவர்கள் சகோதரர்கள்தானே என்று மரியாதைக் குறைவாக நடக்கக் கூடாது என்கிறது. அப்படி ஒரு நினைப்பு யாருக்கு வந்திருக்கும்? கலாத்தியர் வாக்கியத்தைக் கேட்டு அதை நம்பிய அடிமைகளுக்கு. 110ஐ ஒட்டி அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார் சக ஆயர் பொலிக்கார்ப்புக்கு எழுதிய மடலில், அடிமைகளை இகழக் கூடாது என்று தொடங்கி, ஆனால் சபையின் பொது நிதியில் விடுதலை பெற அவர்கள் ஆசைப்படக் கூடாது, ஆசைக்கு அடிமையாகிவிடுவார்கள் என்று முடிக்கிறார். யாரோ கேட்டிருக்கிறார்கள். பொது நிதி என்று ஒன்று இருந்ததும், அதிலிருந்து சிலரையாவது மீட்டிருப்பதும், மற்றவர்கள் தங்களுக்கும் கேட்டதும் இந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு கேங்கரா. சகோதரர் என்றால் சமம்தானே என்று ஒரு கேள்வி, சபைப் பணத்தில் எங்களை மீட்கலாமே என்று இன்னொன்று, துறவு பூண்டால் விடுதலைதானே என்று மூன்றாவது. மூன்றுக்கும் மறுப்பே பதில். நற்செய்தியிலிருந்து அடிமைகள் எடுத்த முடிவு ஒன்று; அவர்களை மேய்த்தவர்கள் எடுத்தது வேறொன்று. அக்காலத்தில் யாரும் அப்படி எண்ணவில்லை என்று இன்று சொல்பவர்கள், அடிமைகளை அந்த யாரில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சபைக்கு அன்று அதிகாரம் ஏது என்ற வாதம் அடுத்து வரும். துன்புறுத்தலுக்கு ஆளான சிறுபான்மை, ஸ்பார்த்தக்குவின் அடிமைக் கலகத்துக்குப் பின் ஆப்பியன் சாலை நெடுகிலும் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்த அரசு. இந்த நிலையில் சட்டத்தை எதிர்த்து எழும்பச் சொல்வது முறையா? முறையில்லை. ஆனால் சபை தன் உறுப்பினர்மீது அதிகாரம் செலுத்தியது. மூன்றாம் நூற்றாண்டோடு தொடர்புபடுத்தப்படும் அப்போஸ்தல மரபு என்ற நூலில், திருமுழுக்குப் பெற விரும்புபவர் கைவிட வேண்டிய தொழில்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. விபசார விடுதி நடத்துபவர், சிலை செய்பவர், கூத்தர், தேரோட்டி, வாட்போர் வீரர், மாந்திரீகர் எல்லாரும் தொழிலை விட வேண்டும், இல்லையேல் இடமில்லை. அடிமை வைத்திருப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. மாறாக, கிறிஸ்தவ எசமானரின் அடிமை ஒருவர் வந்தால், எசமானர் நற்சான்று தந்தால்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. பேரரசர் அனுமதி தேவைப்படாத இடம் இது. தேரோட்டியைத் திருப்பி அனுப்ப முடிந்த வாசலில் ஆள் வாங்குபவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டிருக்க முடியும்.

வரவுப் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும், அது சிறியதல்ல. 112ஐ ஒட்டி ரோமானிய ஆளுநர் இளைய பிளினி சித்திரவதை செய்து விசாரித்த இரண்டு அடிமைப் பெண்கள் தங்கள் சபையில் திருப்பணியாளர்களாக இருந்தவர்கள். 177இல் லியோனில் மறைசாட்சியான பிளந்தினா அடிமை. அந்த நிகழ்ச்சியை எழுதிய மடல், அவளுடைய எசமானியையும் தாண்டி அவளையே நடுவில் வைக்கிறது. அடிமையாக இருந்து சுரங்கத் தண்டனைவரை அனுபவித்த கலிஸ்து, 217ஐ ஒட்டி ரோமின் ஆயரானார். உயர்குடிப் பெண்கள் அடிமைகளோடு வாழ்வதை, ரோமானியச் சட்டம் ஏற்காத அந்த இணைவை, அவர் சபையில் ஏற்றுக்கொண்டார். அது அவருடைய எதிரி எழுதிவைத்த புகாரிலிருந்து நமக்குத் தெரிகிறது. சபைப் பதவியில் அமர்ந்தவர்களில் குலவேலியை ஒரு விதியாலேயே உடைத்தவர் ஒரு முன்னாள் அடிமை என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அடிமையின் கற்பு என்ற ஒன்றையே ரோமானிய ஒழுக்கம் அறியாது. எசமானர் தம் அடிமைப் பெண்ணையோ பையனையோ நாடுவது குற்றமுமல்ல, வெட்கமுமல்ல. இதில் கிறிஸ்தவப் பிரசங்கம் உண்மையாகவே ஒரு பழைய உலகத்தை எதிர்த்தது. தொடக்கத்தில் மௌனம்தான்: எசமானரால் பலாத்காரம் செய்யப்படும் அடிமைப் பெண் சபையில் எந்த நிலையில் இருக்கிறாள் என்ற கேள்விக்குப் பவுலிடம் பதில் இல்லை என்று ஆய்வாளர் ஜெனிஃபர் கிளான்சி சுட்டிக்காட்டியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் பதில் வருகிறது. அப்படிப் பலவந்தப்படுத்தப்பட்டவள் குற்றமற்றவள் என்றார் ஆயர் பெரிய பசில். 428இல் பேரரசர் இரண்டாம் தெயோதோசியுவின் சட்டம், விபசாரத்துக்குத் தள்ளப்படும் அடிமைப் பெண் ஆயரிடம் முறையிட்டு விடுபடலாம் என்றது. இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்குபவர் அந்தப் பெண்ணின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கவில்லை.

விடுதலை செய்வது புண்ணியச் செயலானதும் உண்மை. 321இல் பேரரசர் கான்ஸ்டன்டைன், ஆலயத்தில் ஆயர் முன்னிலையில் தரும் விடுதலைக்கு முழுக் குடியுரிமை கொடுத்தார். அதே கான்ஸ்டன்டைன், பிரம்படியில் அடிமை செத்துப்போனால் எசமானர் கொலைக் குற்றத்துக்கு அஞ்ச வேண்டாம் என்றும் சட்டம் போட்டார். புண்ணியம் எப்படி வேலை செய்தது என்பதற்கு இளைய மெலானியாவின் கதையைப் பாருங்கள். ரோமின் பெரும் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவரும் கணவர் பினியானுவும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொத்தைத் துறக்க முடிவு செய்தார்கள். விடுதலை விரும்பிய 8,000 அடிமைகளை விடுவித்தார் என்கிறார் அக்கால எழுத்தாளர் பலாதியு. விரும்பாதவர்களைத் தம் சகோதரருக்குத் தலைக்கு மூன்று நாணயத்துக்குக் கொடுத்துவிட்டார். தங்களை அந்நியருக்கு விற்றுவிடுவார்களோ என்று ரோமைச் சுற்றிய பண்ணைகளின் அடிமைகள் கலகம் செய்ததும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 8,000 பேர் விடுதலை பெற்றது அற்பமல்ல. ஆனால் மெலானியா துறந்தது செல்வத்தை; அடிமைகள் அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி. நிலமும் வீடும் இல்லாமல் விடுதலை மட்டும் கிடைத்தவர் எங்கே போவார் என்பதற்கும், மூன்று நாணயத்துக்குப் போனவர் ஏன் போனார் என்பதற்கும் வரலாறு எழுதிய பக்தர்களிடம் பதில் இல்லை. அவர்கள் எழுதியது மெலானியாவின் ஆன்மாவின் கதை.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு குரல் வேறு மாதிரி ஒலிக்கிறது. 380ஐ ஒட்டி, நிசாவின் ஆயர் கிரகோரி, சபை உரையாளர் நூலை வரிவரியாக விளக்கிக்கொண்டிருந்தார். அடிமைகளை வாங்கினேன், வீட்டில் பிறந்த அடிமைகளும் எனக்கு இருந்தார்கள் என்று பேசுபவர் பெருமையடிக்கும் இடம் வந்தது. வீடு, திராட்சைத் தோட்டம், வெள்ளி என்று அந்தப் பட்டியலில் உள்ள மற்றவற்றை ஆடம்பரம் என்று கண்டித்தவர், இங்கே வந்ததும் குரலை உயர்த்துகிறார். கடவுளின் உருவத்தை விலைக்கு வாங்கினேன் என்கிறாயே, எத்தனை காசு கொடுத்தாய்? உலகம் முழுவதும் ஓர் ஆன்மாவுக்கு ஈடாகாது என்றால், எந்தச் சந்தையில் அதற்கு விலை போட்டார்கள்? மனிதனுக்குப் பூமியை ஆளும் உரிமை கொடுக்கப்பட்டது. அப்படியானால் அவனை விற்கும்போது பூமியையும் சேர்த்து எழுதிக்கொடுத்தார்களா? ஒரு விற்பனைப் பத்திரத்தைத் தவிர உனக்கு அவனைவிட என்ன கூடுதல்? நீயும் அவனும் ஒரே காற்றை மூச்சுவிடுகிறீர்கள், ஒரே மண்ணாகிறீர்கள். விடுதலை பெற்றவனைக் கடவுளே மீண்டும் அடிமையாக்க மாட்டார் என்றால், கடவுளுக்கு மேலே உன்னை வைத்துக்கொள்ள நீ யார்?

அடிமையை அன்பாக நடத்து என்பதல்ல இந்த வாதம். வைத்திருப்பதே தெய்வ நிந்தனை என்பது. திதாக்கே கடவுளின் சாயலை எசமானரிடத்தில் கண்டது. கிரகோரி அதை விலைக்குப் போனவரிடத்தில் கண்டார். இது செருக்கைக் கண்டிக்கும் பிரசங்கம்தான், அடிமை ஒழிப்பு அறிக்கை அல்ல என்று சிலர் வாதிடுகிறார்கள். நாளைக்கே விடுதலை செய்யுங்கள் என்றோ, பேரரசரே சட்டம் போடுங்கள் என்றோ கிரகோரி சொல்லவில்லை என்பது சரி. ஆனால் செருக்குக்கு எத்தனையோ எடுத்துக்காட்டு இருக்க, உரிமையின் அடிப்படையையே பிடித்து உலுக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அந்த வாதம் காற்றில் வந்ததும் அல்ல. அவருடைய தமக்கை மக்ரீனா, தாய் எம்மேலியாவை இணங்கச் செய்து, வீட்டு அடிமைப் பெண்களோடு ஒரே உணவு, ஒரே படுக்கை என்று சமமாக வாழ வைத்ததைக் கிரகோரியே எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் துறவு வாழ்வில் யூஸ்தாத்தியுவின் செல்வாக்கு இருந்தது. கேங்கரா துரத்திய எண்ணம் ஓர் ஆயரின் வாயிலிருந்தே திரும்பி வந்தது.

சொந்த அண்ணன் பசில் அந்த அளவுக்கு வரவில்லை. யாரும் இயல்பில் அடிமையல்ல என்றார். ஆனால் அறிவு குறைந்தவர் அறிவாளிக்குக் கீழ் இருப்பது அவருக்கே நன்மை என்றும் சேர்த்தார். மடத்துக்கு ஓடிவரும் அடிமையைப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னார். எசமானர் கடவுளின் கட்டளையை மீறச் சொன்னால் மட்டும் விலக்கு. கிறிசோஸ்தோம் அடிமைகளை வாங்கித் தொழில் கற்பித்து விடுவித்துவிடுங்கள் என்று அந்தியோக்கியாவின் பணக்காரர்களிடம் சொன்னார், அடிமைப் பெண்களை அடிக்கும் எசமானிகளைப் பிரசங்க மேடையிலேயே கடிந்தார். அடிமையிடம் திரும்பியபோது, உன் ஆன்மா சுதந்திரமாக இருந்தால் இது உனக்குத் தீங்கல்ல என்றார்.

மேற்குலகின் சிந்தனையைத் தீர்மானித்தவர் ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன். கடவுளின் நகரம் நூலின் 19ஆம் புத்தகத்தில் அடிமை முறை பாவத்துக்கான தண்டனை என்றார். இயல்பு அல்ல, தண்டனை. அரிஸ்டாட்டிலை அவர் ஒரே வீச்சில் தள்ளிவிட்டார். அந்த இடத்தில் அவர் கொண்டுவந்து வைத்தது அதைவிட அசைக்கக் கடினமானது. தண்டனை என்றால் நீதி; நீதி என்றால் மீறக் கூடாது. ஆதிபாவம் எல்லாருக்கும் பொது என்றும் அவரே சொன்னார். அப்படியானால் ஒரே பாவத்துக்கு ஒருவர் ஏன் அடிமையாகிறார், மற்றவர் ஏன் அவரை வாங்குகிறார்? கடவுளின் மறைவான தீர்ப்பு என்பதற்கு மேல் அகுஸ்தீனிடம் விளக்கம் இல்லை. கிரகோரியின் விற்பனைப் பத்திரக் கேள்வியைத் தாங்காத இடம் இதுதான்.

அகுஸ்தீன் கல்நெஞ்சர் அல்லர். 1981இல் முதன்முதலாக அச்சான அவருடைய மடல் ஒன்று, ஹிப்போ துறைமுகத்தில் ஆள் பிடிக்கும் வணிகர்களைப் பற்றிப் பதறுகிறது. கிராமங்களில் புகுந்து மக்களைக் கடத்திக் கப்பலேற்றுகிறார்கள். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் சபையார் போய் ஏறக்குறைய 120 பேரை மீட்டுவிட்டார்கள். அவர்களில் ஐந்தாறு பேர்தான் பெற்றோரால் விற்கப்பட்டவர்கள் என்று விசாரித்து எழுதுகிறார். ஏன் விசாரித்தார்? சட்டப்படி அடிமையானவரையும் சட்டவிரோதமாகக் கடத்தப்பட்டவரையும் பிரித்துப் பார்க்க. அவர் நெஞ்சு கொதித்தது சுதந்திரர் அடிமையானதற்கு. அடிமை அடிமையாகவே இருந்ததற்குக் கொதிக்கவில்லை.

313இல் கிறிஸ்தவத்துக்குச் சட்ட அனுமதி கிடைத்த பிறகு, அதிகாரமில்லை என்ற வாதமும் நிற்காது. ஞாயிறு விடுமுறை, விவாகரத்துக் கட்டுப்பாடு, பலிபூசைத் தடை, எதிர்ப் பிரிவினரின் சொத்துப் பறிமுதல் என்று சபை அக்கறைப்பட்டவற்றுக்கெல்லாம் ஒரு நூற்றாண்டுக்குள் சட்டம் வந்தது. எதற்கு எவ்வளவு எடை என்பதை ஸ்பெயினின் எல்விரா சங்க விதிகளிலேயே அளந்துவிடலாம். திருமுழுக்குப் பெற்ற பிறகு சிலைக்குப் பலியிட்டவருக்குச் சாகும் நேரத்தில்கூட நற்கருணை இல்லை. கோபத்தில் ஓர் எசமானி தன் அடிமைப் பெண்ணை அடித்து, அவள் மூன்று நாளுக்குள் இறந்தால், வேண்டுமென்றே செய்தவளுக்கு ஏழு ஆண்டு, தற்செயலானால் ஐந்து ஆண்டு தவம். ரோமானியச் சட்டம் கண்டுகொள்ளாத ஒரு சாவுக்குத் தவம் விதித்ததே என்று பாராட்டலாம். அதே பக்கத்தில் உள்ள மற்ற தண்டனையையும் படித்துவிட்டுப் பாராட்ட வேண்டும்.

சபையே பெரும் நிலக்கிழாரானபோது நிலைமை இன்னும் முறுகியது. சார்தீனியாவில் கிடைத்த ஒரு வெண்கலக் கழுத்துவளையம், அணிந்திருப்பவர் தலைமைத் திருத்தொண்டர் பெலிக்சின் அடிமை, ஓடாமல் பிடித்துவைக்கவும் என்று அறிவிக்கிறது. 443இல் ரோமின் ஆயர் லேயோ, விடுதலை பெறாத அடிமைகளைக் குருவாக்கினால் திருப்பணி மாசுபடும், எசமானர் உரிமையும் கெடும் என்று எழுதினார். 451இல் கால்செதோன் பொதுச்சங்கம், எசமானர் சம்மதமின்றி அடிமையை மடத்தில் சேர்க்கக் கூடாது என்றது. 692இல் திருல்லோ சங்கம் கேங்கராவின் விதிகளைக் கிழக்குத் திருச்சபைக்குப் பொதுவிதிகளாக உறுதி செய்தது. நிசாவின் கிரகோரியின் பிரசங்கம் எந்தச் சங்கத்தின் எந்த விதியிலும் நுழையவில்லை. 595இல் ரோமின் ஆயர் பெரிய கிரகோரி, மொந்தானா, தோமா என்ற இரு சபை அடிமைகளை விடுவித்து எழுதிய பத்திரத்தில், இயற்கை சுதந்திரமாகப் படைத்தவர்களை அந்தச் சுதந்திரத்துக்கே திருப்புவது நன்று என்று அழகாகத் தொடங்குகிறார். பாப்பரசின் பண்ணைகளில் மற்ற அடிமைகள் அப்படியே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு பொறிமுறை இருக்கிறது, ஒழுக்க விவாதங்களில் அது தப்பிவிடுகிறது. சபைச் சொத்து ஏழைகளுக்காகக் கடவுளிடம் ஒப்படைத்தது, அதைக் குறைக்க ஆயருக்கு உரிமையில்லை. நல்ல கொள்கைதான். ஆனால் அடிமையும் சொத்து. எனவே தனியார் வீட்டு அடிமையைவிடச் சபையின் அடிமைக்கு விடுதலை அரிதானது. 633இல் செவில்லின் இசிதோர் தலைமையில் கூடிய நான்காம் தொலேதோ சங்கம், சபைக்குத் தன் சொத்து எதையும் கொடுக்காத ஆயர் சபை அடிமைகளை விடுவிக்கக் கூடாது என்றது. விடுவிக்கப்பட்டவரும் சந்ததியும் சபையின் பாதுகாப்பிலிருந்து ஒருபோதும் விலக முடியாது என்றும் விதித்தது. மனிதப் புரவலர் சாவார், அப்போது கட்டு அறும். சபை சாவதில்லை என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட காரணம். 655இல் ஒன்பதாம் தொலேதோ சங்கம், குருக்கள் விதி மீறிப் பெற்ற பிள்ளைகளைச் சபையின் அடிமைகளாக்கியது.

ஆக வலோனின் தீர்ப்பு நிற்கவில்லை. விடுதலை செய்வது புண்ணியமானது, வைத்திருப்பது பாவமாகவில்லை. புண்ணியத்துக்கு எண்ணிக்கை வரம்பு எசமானரின் மனம்தான். டி செயின்ட் க்ராயின் தீர்ப்பு பெரும்பகுதி நிற்கிறது. எசமானரைக் கடவுளின் இடத்தில் வைத்த உபதேசம் ரோமிடமிருந்து வந்ததல்ல, சபை தானாகச் சேர்த்தது. அந்தக் கணக்கில் அது தன் சூழலைவிட ஒரு படி கீழே இறங்கியது. ஆனால் உடல்மீதான பலாத்காரத்தைக் குற்றமாக்கியதிலும், அடிமையை மறைசாட்சியாக்கி வணங்கியதிலும் அது தன் சூழலைவிட மேலே ஏறியது. இதை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. அறியாமை என்ற மன்னிப்பைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. எதிர்வாதம் அவர்கள் மொழியில், அவர்கள் வேதத்திலிருந்து, அவர்கள் சபைக்குள்ளேயே எழுந்தது. அதைக் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், விதி போட்டு விலக்கினார்கள்.

இந்தத் தீர்ப்பு யார்மீது என்பதையும் வரையறுக்க வேண்டியிருக்கிறது. சபை என்று எழுதும்போதெல்லாம் ஆயர்களையும் சங்கங்களையும்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், ஏனென்றால் ஏடுகள் அவர்களுடையவை. பொது நிதியில் தன்னை மீட்கும்படி கேட்டவரும், சகோதரர்தானே என்று எசமானர் முன் தலைகுனியாமல் நின்றவரும், யூஸ்தாத்தியுவின் ஆட்களோடு வேலையை உதறிவிட்டுப் போனவரும் திருமுழுக்குப் பெற்றவர்களே. ஆதிக் கிறிஸ்தவம் அடிமை முறையை எதிர்த்ததா என்று கேட்பவருக்கு அவர்களைக் காட்டி ஆம் என்று சொல்லலாம். ஆயர்களைக் காட்டி, கிரகோரி ஒருவர் நீங்கலாக, அப்படிச் சொல்ல முடியாது.